உண்ணிப்பூவுக்குள் ஓர் ஈ

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எந்த ஊர் வேலி ஓரத்தில் நின்று பார்த்தாலும் சரி, கேப்பர் மலையின் செம்மண் மேட்டில் ஏறிப் பார்த்தாலும் சரி, மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் ஒரே கொத்தில் கலந்து பூக்கும் ஒரு முள்செடி எங்காவது கண்ணில் பட்டுவிடும். உண்ணிச்செடி என்பார்கள். இலையைக் கசக்கினால் மூக்கைத் துளைக்கும் ஒரு வாசனை வரும். ஆடு மாடு வாய் வைக்காது. தெரியாமல் தின்றால் ஈரல் கெட்டுச் செத்தும் போகும். பழுத்துக் கறுத்த பழத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். பச்சைக் காய் விஷம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

பூங்கொத்தை அருகே போய்ப் பார்த்தால் அது ஒரு பூ அல்ல, இருபது முப்பது சின்னப் பூக்கள் சேர்ந்த தலை என்பது தெரியும். அன்று மலர்ந்தது நடுவில் மஞ்சளாக இருக்கும். ஒன்றிரண்டு நாள் ஆனது ஓரத்தில் நிறம் மாறியிருக்கும். தேன் இருப்பது மஞ்சளில்தான். 'இந்தக் கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது' என்று பூச்சிகளுக்குப் பலகை மாட்டுவது போலத்தான் இந்த நிற மாற்றம்.

இந்தப் பூத்தலையை நம்பியே வாழும் ஒரு ஈ உண்டு. பளபளக்கும் கறுப்பு, நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். ஒபியோமியா லன்டானே என்பது அறிவியல் பெயர். உண்ணிச்செடி விதை ஈ என்று சொல்லிக்கொள்ளலாம். நம்மூர் ஈ அல்ல. மெக்சிகோவில் பிறந்து, ஹவாய்த் தீவுக்குக் கப்பலில் போய், அங்கிருந்து 1921-ல் அரசாங்கக் காரியமாக இந்தியாவுக்கு வந்து இறங்கியது. அந்தக் கதையைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஈயின் வாழ்க்கை. பூக்கள் உதிர்ந்து பச்சைக் காய் பிடிக்கும் நேரத்தில் தாய் ஈ வந்து காய்க்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு சதையைக் குடைந்து விதை வரைக்கும் போகும். வெளியே வராமல் அதே காய்க்குள்ளேயே கூட்டுப்புழுவாகிவிடும். கூடு கட்டுவதற்கு முன்னாலேயே தோலை ஓரிடத்தில் மெல்லிய சன்னல் போல அரித்து வைத்துக்கொள்ளும். சிறகு முளைத்ததும் அந்த வழியாக வெளியேறும். எல்லாம் சில வாரங்களில் முடிந்துவிடும். புழு குடைந்த பழம் சதை வற்றிச் சுருங்குவதால் பறவைகளுக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. அதாவது ஈ இரண்டு வகையில் செடியைத் தாக்குகிறது. விதையைத் தின்பது ஒன்று. மிச்ச விதையைத் தூக்கிக்கொண்டு போகும் பறவையை விரட்டுவது இன்னொன்று. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல திட்டம் இருக்க முடியாது!

உண்ணிச்செடி வெப்ப மண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. ஐரோப்பியர்கள் அழகுக்காகத் தோட்டங்களில் வளர்த்து, கலப்பினம் செய்து, விதவிதமான நிறங்களில் உலகமெங்கும் அனுப்பி வைத்தார்கள். இந்தியாவுக்கு 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. அழகுக்கும் வேலிக்கும் என்று வந்தது, நூறு ஆண்டு முடிவதற்குள் குடகு, நீலகிரி, மைசூர்க் காடுகளில் ஆள் நுழைய முடியாத புதராகிவிட்டது. 1916-ல் டயர்மன் என்ற வன அதிகாரி குடகுக் காடுகளில் இந்தச் செடி படுத்தும் பாட்டைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. புல் முளைக்க வேண்டிய இடத்தில் புதர், மேய்ச்சல் போயிற்று. மரக்கன்று எழும்ப வேண்டிய இடத்திலும் புதர். காட்டை நம்பிய அரசாங்கத்துக்கு வருமானக் கவலை, மாடு வைத்திருந்தவனுக்கு வயிற்றுக் கவலை.

இதே செடி ஹவாயில் என்ன செய்தது என்பது இன்னும் சுவாரஸ்யமானது. அங்கே 1858-ல் வில்லியம் ஹில்லிபிரான்ட் என்ற மருத்துவர் அதைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தார். 1865-ல் புல்வெளிகளைத் தின்ற புழுக்களைப் பிடிக்க என்று இந்தியாவிலிருந்து மைனாவைக் கொண்டு வந்தவரும் அவரேதான். மைனா புழுவைத் தின்றதோ இல்லையோ, உண்ணிப்பழத்தைத் தின்றது. தின்ற இடத்தில் ஒன்றும், எச்சமிட்ட இடத்தில் பத்துமாகச் செடி முளைத்தது. செடி ஒரு கண்டத்துச் சரக்கு, பறவை இன்னொரு கண்டத்துச் சரக்கு. இரண்டும் நடுக்கடல் தீவில் கூட்டு வியாபாரம் தொடங்கின. நம் வீட்டு மொட்டை மாடியில் கத்துகிற அதே மைனாதான், அயலூருக்குப் போய் இந்த வேலையைப் பார்த்தது.

கால்நடைப் பண்ணைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். 1902-ல் ஆல்பர்ட் கோபலே என்ற பூச்சியியல் வல்லுநர் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டார். இந்தச் செடி அதன் தாய்நாட்டில் ஏன் அடங்கிக் கிடக்கிறது, அங்கே அதைத் தின்பவர்கள் யார் யார் என்று பார்த்து, பிடித்து அனுப்ப வேண்டும். அவர் 23 வகைப் பூச்சிகளைப் பெட்டி பெட்டியாக ஹொனலுலுவுக்கு அனுப்பினார். அங்கே பெர்க்கின்ஸ் என்ற இன்னொரு வல்லுநர் பெட்டிகளைப் பிரித்து, பூச்சியோடு ஒட்டிக்கொண்டு வந்த குளவி எதிரிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். குளவியும் சேர்ந்து தீவில் இறங்கினால் வந்த பூச்சியையே அது தீர்த்துவிடும் அல்லவா? கடைசியில் நிலைத்து நின்றவை 8 வகை. அதில் ஒன்று நமது விதை ஈ. ஒரு களையை ஒடுக்க என்றே வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிப் பூச்சி தேடிக் கொண்டு வந்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 1902-ல் கப்பலேறிய அந்த ஈக்கு அப்போது பெயரே கிடையாது. 1914-ல் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டது. 1919-ல்தான் ஃப்ராகட் என்ற ஆஸ்திரேலியர் அதை முறைப்படி விவரித்துப் பெயர் வைத்தார். பதினேழு வருடம் பெயர் இல்லாமலேயே அரசாங்க வேலை பார்த்திருக்கிறது.

ஹவாயில் பலன் கிடைக்கிறது என்ற செய்தி இந்தியாவுக்கு வந்தபோது இங்கே இருந்தவர்கள் உடனே ஓடிப்போய்ப் பெட்டி வாங்கிவிடவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும். இங்கே இழப்பதற்கு நிறைய இருந்தது. முக்கியமாகத் தேக்கு. அன்றைய தாவரவியலில் உண்ணிச்செடியும் தேக்கும் நொச்சியும் ஒரே குடும்பம். (பின்னாளில் வகைப்பாட்டை மாற்றித் தேக்கையும் நொச்சியையும் துளசிக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள்.) உண்ணிச்செடியைத் தின்ன வந்த பூச்சிக்கு ஒருநாள் அதன் சொந்தக்காரனான தேக்கும் ருசித்துவிட்டால்? பர்மாவிலும் மலபாரிலும் இருந்த தேக்குக் காடுகளின் மதிப்போடு ஒப்பிட்டால் உண்ணிச்செடியால் வரும் நட்டம் ஒன்றுமே இல்லை. போதாக்குறைக்குச் சந்தன மரங்கள் 'ஸ்பைக்' நோயில் செத்துக்கொண்டிருந்த காலம் அது. உண்ணிச்செடிக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்ற விவாதமும் கூடவே ஓடியது.

அதனால் முதலில் ஒரு கணக்கெடுப்பு. அந்த வேலை வந்து சேர்ந்தது எலசெட்டி ராமச்சந்திர ராவிடம். கோயம்புத்தூர் வேளாண்மைத் துறையின் பூச்சியியல் மரபில் வந்தவர். 1916 முதல் 1919 வரை இந்தியாவிலும் பர்மாவிலும் ஊர் ஊராகச் சுற்றி, உண்ணிச்செடியில் என்னென்ன பூச்சி உட்காருகிறது, எது இலையைத் தின்கிறது, எது பூவை, எது காயை என்று பட்டியல் போட்டார். வெளியாளைக் கூப்பிடும் முன் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். ஏறக்குறைய 150 வகைப் பூச்சிகள் கிடைத்தன. 1920-ல் அறிக்கை வெளியானது. அத்தனை பூச்சிகளில் ஒன்றுகூடச் செடியைக் கட்டுக்குள் வைக்கும் அளவுக்குத் தின்பதாக இல்லை! பூத்தலையைக் குடையும் ஒரு சிறிய இறகு அந்துப்பூச்சி இருந்தது. அதுவும் அமெரிக்காவிலிருந்து செடியோடோ சரக்கோடோ யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்ததுதான்.

ராமச்சந்திர ராவை இன்று பெரும்பாலும் வெட்டுக்கிளி ஆராய்ச்சிக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். பாலைவன வெட்டுக்கிளி பற்றிய அவரது பெரிய நூல் 1960-ல் வந்தது. ஆனால் மூன்று நான்கு வருடம் முள்புதருக்குள் குனிந்து நின்று பூங்கொத்துகளைப் பிரித்துப் பார்த்த அந்த இளமைக்கால வேலையும் சாதாரணமானதல்ல. 'செய்யலாமா வேண்டாமா' என்ற கேள்விக்கு முன்னால் 'என்ன இருக்கிறது' என்ற கேள்வியைக் கேட்டவர்கள் அந்தக் காலத்தில் அதிகம் பேர் இல்லை.

அறிக்கை வந்த மறுவருடம், 1921-ல், ஹவாயிலிருந்து விதை ஈ வந்தது. ஏன் இந்த ஈயைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது ஊகிக்கக் கடினமானதல்ல. இலையைத் தின்னும் பூச்சி எந்த இலைக்கும் தாவலாம். சாற்றை உறிஞ்சுவது எந்தத் தண்டிலும் உட்காரலாம். இந்த ஈயோ உண்ணிக்காய்க்குள் பிறந்து உண்ணிக்காய்க்குள் வளர்ந்து உண்ணிக்காயிலிருந்து வெளியே வருவது. தேக்குப் பக்கம் திரும்பிப் பார்க்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. இருப்பதிலேயே பயமில்லாத ஆள். தென்னிந்தியாவில் கொண்டுவந்து விட்டார்கள். பரவியது. 1934-ல் டி.வி. சுப்பிரமணியம் இந்திய வேளாண் அறிவியல் இதழில் இந்த ஈயைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். ஈ பிழைத்துக்கொண்டது, செடி அசைந்துகொடுக்கவில்லை. இதுதான் அதற்குள் தெளிவாகியிருந்த நிலவரம்.

ஏன்?

இங்கேதான் பருவக் கணக்கு வருகிறது. நமது கடற்கரைப் பக்கத்தை வைத்தே பார்ப்போம். கடலூர், சிதம்பரம் பகுதிக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டு வருவது. பங்குனி தொடங்கினால் வெயில்தான். ஈரம் இருந்தால் உண்ணிச்செடி வருடம் முழுக்கப் பூக்கும். ஈரம் போனால் இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும், சாகாது. பூ இல்லாவிட்டால் காய் இல்லை, காய் இல்லாவிட்டால் ஈக்குப் பிள்ளை பெற இடமில்லை. கோடையில் அங்கங்கே கிணற்றடியிலும் வாய்க்கால் கரையிலும் பூத்து நிற்கும் ஒன்றிரண்டு செடிகளில் கொஞ்சம் ஈக்கள் காலம் தள்ளும். மழை இறங்கியதும் ஊரிலுள்ள அத்தனை செடிகளும் ஒரே நேரத்தில் தளிர்த்துப் பூத்துவிடும். ஈக்கூட்டமோ ஒரு கைப்பிடியிலிருந்து பெருக வேண்டும். ஒவ்வொரு தலைமுறைக்கும் சில வாரங்கள். ஈக்கள் ஊரை நிரப்பும் அளவுக்குப் பெருகும்போது, முதலில் வந்த பழங்களை மைனாவும் கொண்டைக்குருவியும் தின்று விதைத்து முடித்திருக்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் எளிது. செடிக்கு விதை என்பது உபரிச் சரக்கு. ஒரு செடி ஆயிரக்கணக்கில் காய்க்கிறது. அது நிற்கும் இடத்தில் இன்னும் நாலு செடி முளைக்க நாலு விதை போதும். பாதியை ஈ தின்றாலும், முக்கால்வாசியைத் தின்றாலும் மிச்சம் போதும். அதுவும் போகட்டும் என்றால், கிளை வளைந்து மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடும். வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். வணிகவியல் படிப்பவர்களுக்குச் சொல்வதானால், ஈ தின்றது வருட லாபத்தில் ஒரு பகுதியை. முதலை அது தொடவே இல்லை. முதல் வேரில் இருக்கிறது.

பருவம் பூச்சியைக் கவிழ்ப்பதற்கு ஈயை மட்டும் உதாரணம் காட்ட வேண்டியதில்லை. கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வாங்கும் வீராணம் ஏரிப் பக்கமே ஓர் உதாரணம் இருக்கிறது. ஆகாயத்தாமரையைத் தின்னும் கூன்வண்டுகள் 1982-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் நீர்நிலைகளில் பல இடங்களில் நல்ல வேலை செய்தன. வீராணத்தைச் சுற்றியுள்ள பாசன வாய்க்கால், குட்டைகளோ கோடையில் வற்றுபவை. தண்ணீர் போனால் தாமரை போகும், தாமரையோடு வண்டும் போகும். மறுவருடம் தண்ணீர் வந்ததும் தாமரை முந்திக்கொள்ளும். அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தில் இதற்கு ஒரு வழி தேடினார்கள். வண்டை மட்டும் நம்பாமல் கற்பூரவல்லி இலையைக் காயவைத்துப் பொடியாக்கி அதையும் சேர்த்துப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு அங்கே நடந்தது. சளிக்குக் கொடுக்கும் கற்பூரவல்லி ஆகாயத்தாமரைக்கு எமன் என்பது யாருக்குத் தோன்றும்!

குளிர் நாட்டுப் பூத்தலை ஈக்கள் இந்தப் பருவச் சிக்கலை வேறு விதமாகச் சமாளிக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போய்ப் புல்வெளிகளைப் பிடித்துக்கொண்ட நாப்வீட் என்ற ஊதாப்பூக் களைக்கு எதிராக, யூரோஃபோரா என்ற ஈக்களை 1970-களில் அங்கே விட்டார்கள். கோடையில் மொட்டுக்குள் முட்டை. புழு உள்ளே போனதும் செடி அதைச் சுற்றி மரக்கட்டி போல ஒரு முண்டு வளர்க்கும். இலையுதிர் காலம், பனிக்காலம் முழுவதும் புழு அந்த முண்டுக்குள்ளேயே காய்ந்த பூத்தலையில் தூங்கிக் கிடக்கும். வசந்தம் வந்து புதிய மொட்டு வரும் நேரத்துக்குச் சரியாக வெளியே வரும். நம் ஈயைப் போல மழைக்குப் பின்னால் ஓடவேண்டிய அவசியமே இல்லை. விதையையும் கணிசமாகக் குறைத்தன. களையோ குறையவில்லை. பழைய உபரிக் கணக்குதான்.

அங்கே நடந்த இன்னொன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. பனிக்காலத்தில் வேறு தீனி கிடைக்காத மான் எலிகள், காய்ந்த பூத்தலைகளில் கொழுத்த புழுக்கள் கோடிக்கணக்கில் தூங்குவதைக் கண்டுபிடித்தன. மொன்டானா மாநிலத்தில் பியர்சன், கேலவே என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தக் களை மண்டிய இடங்களில் எலிகள் இரண்டு மூன்று மடங்கு பெருகியிருந்தன. அந்த எலிகள் மனிதனைக் கொல்லக்கூடிய ஹான்டா வைரஸைச் சுமப்பவை. வைரஸ் தொற்றிய எலிகளும் கூடவே பெருகியிருந்தன. ஈ எந்தப் பயிரையும் தொடவில்லை. சொன்ன வேலையைத்தான் செய்தது. களையை அழிக்காமல் களையோடு சேர்ந்து பெருகியதால், அது வேறொருவருக்குச் சாப்பாடாகிவிட்டது. 'பயமில்லாத ஆள்' என்ற கணக்கில் இப்படி ஒரு செலவினம் இருப்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

அப்படியானால் பயமுள்ள ஆளைக் கொண்டு வந்திருக்கலாமா? அதையும் செய்து பார்த்தார்கள். 1941-ல் டெலியோனீமியா என்ற, உண்ணி இலையின் சாற்றை உறிஞ்சும் ஒரு சிறு பூச்சியை ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பூட்டிவைத்துச் சோதித்தார்கள். ஈயைப் போல அல்ல, இது புதரையே மொட்டையடிக்கக்கூடியது. சோதனையில் அது தேக்குப் பூவிலும் உட்கார்ந்து பிழைத்துக்கொண்டது. இருபது வருடங்களுக்கு முந்தைய பயம் கண்ணெதிரே வந்து நின்றது. உடனே வளர்த்த பூச்சிகளை எல்லாம் அழித்தார்கள். 1951-ல் டேராடூன் உண்ணிப்புதர்களில் அதே பூச்சி நிம்மதியாக உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள்! எங்கேயோ ஒரு சில தப்பித்திருக்கின்றன. நல்லவேளை, வெளியே வந்தபின் தேக்குக்கு அது ஒரு தொல்லையாகவில்லை. ஆனால் 1960-களில் உகாண்டாவில் இதே பூச்சியை விட்ட இடத்தில், உண்ணிப்புதர் பட்டுப்போனதும் பக்கத்து எள் வயலில் போய் உட்கார்ந்தது. எள் என்றால் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் எள்ளுக்கென்றே ரகங்கள் உருவாக்கியிருக்கிறார்கள். உகாண்டாவில் நடந்தது இங்கே நடந்திருந்தால் யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

இந்த வகை வேலையே உருப்படாது என்று நினைத்துவிடக் கூடாது. தென்னிந்தியாவுக்கு இதில் ஒரு பெரிய வெற்றி இருக்கிறது, அதுவும் ஒரு தவறிலிருந்து பிறந்தது. 1795-ல் நீல்சன் என்ற கேப்டன் சிவப்புச் சாயம் எடுக்கும் கொச்சினீல் பூச்சி என்று நினைத்து பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பூச்சியைக் கொண்டு வந்தார். கம்பெனிக்குச் சாய வியாபாரத்தில் காசு பார்க்க ஆசை. வந்தது தவறான இனம், சாயம் மட்டம். ஆனால் அது சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. 1863 முதல் 1868 வரை தென்னிந்தியாவில் வேண்டுமென்றே பரப்பிக் கள்ளியை அழித்தார்கள். அது தொடாத இன்னொரு கள்ளி இனத்துக்கு 1926-ல் இலங்கையிலிருந்து அதன் சகோதரப் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். தமிழகத்தின் தென் மாவட்டங்களில் கள்ளிக்காடாகக் கிடந்த நிலங்கள் சில வருடங்களில் வெளியாயின. விதை ஈ வந்து ஐந்தே வருடத்தில் நடந்த விஷயம் இது. வித்தியாசம் என்ன? கொச்சினீல் பூச்சி செடியின் உடம்பையே உறிஞ்சியது. கள்ளிக்கு உடம்புதான் முதல், அதில்தான் தண்ணீர். கோடையிலும் அது அங்கேயே இருக்கும், பூச்சியும் அங்கேயே இருக்கும். பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகும் ஈக்கள் வந்துகொண்டுதான் இருந்தன. 1963-ல் நியூசிலாந்திலிருந்து ஒரு முண்டு ஈயைத் தருவித்து நீலகிரியில் யூபடோரியம் களைக்கு எதிராக விட்டார்கள். அது பூவில் அல்லாமல் தண்டில் கட்டி உண்டாக்குவது. நன்றாகவே காலூன்றியது. ஆனால் உள்ளூர்க் குளவிகள் அதைக் கண்டுபிடித்து அதன் புழுவுக்குள் முட்டையிட ஆரம்பித்துவிட்டன. ஹொனலுலுவில் பெர்க்கின்ஸ் பொறுக்கிப் போட்டது மெக்சிகோ குளவிகளை. நீலகிரிக் குளவிகளைப் பொறுக்க யாரால் முடியும்? 2005-ல் பெங்களூரில் இன்னொரு முண்டு ஈ, இந்தோனேசியா வழியாக வந்தது. கேரளாவில் 'கம்யூனிஸ்ட் பச்சை' என்று கேலியாகக் கூப்பிடும் களைக்கு எதிராக. இந்தத் தடவை விடுவதற்கு முன் நெருங்கிய உறவுச் செடிகளையும் பயிர்களையும் ஒவ்வொன்றாக ஈயின் முன்னால் வைத்து, தொடுகிறதா என்று பார்த்த பிறகே அனுமதி. ராமச்சந்திர ராவ் காலத்தில் பயமாக மட்டும் இருந்தது, பின்னர் சட்டத்தில் ஏறிய நடைமுறையாகிவிட்டது.

உண்ணிச்செடியின் இன்றைய நிலை? 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியக் காடுகளில் அது சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டரில் பரவியிருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டின் பரப்பைவிட அதிகம். 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியக் களைச்செடிகளை அகற்ற ஒரு கொள்கையே வெளியிட்டது. அதன்படி காடுகளில் நடப்பது பெரும்பாலும் மண்வெட்டி வேலை. தரைக்குச் சற்றுக் கீழே வேரை வெட்டிப் பெயர்த்து, தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும். தரைக்கு மேலே வெட்டினால் துளிர்த்துவிடும்.

பெயர்த்த தண்டுகளை என்ன செய்வது? நீலகிரியில் கூடலூரைச் சுற்றியுள்ள பழங்குடிக் கைவினைஞர்கள் (கூடலூர் என்பதுதான் நம் கடலூரின் பழைய பெயரும்; தபாலில் குழப்பம் வராமல் இருந்தால் சரி) அதை வேகவைத்து வளைத்து நிஜ யானை அளவுக்கு யானைகள் செய்கிறார்கள். 2021 கோடையில் அந்த யானைகள் கூட்டமாக லண்டன் அரசப் பூங்காக்களில் நிறுத்தப்பட்டன. அழகுச் செடியாக ஐரோப்பியர்கள் உலகமெங்கும் அனுப்பியது, கட்டிய யானையாக அங்கே திரும்பிப் போனது.

விதை ஈ இங்கேதான் இருக்கிறது. வந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. இத்தனை காலத்தில் ஒரு பயிரையும் அது தொட்டதில்லை, ஒரு புதரையும் அழித்ததில்லை. ஐப்பசி மழை முடிந்து உண்ணிப்பூ கொட்டிப் பச்சைக்காய் பிடிக்கும்போது ஒரு கொத்தைப் பறித்துப் பாருங்கள். மணி போன்ற காய்களுக்கு நடுவே வற்றிச் சுருங்கிய ஒன்று அகப்பட்டால், அதன் தோலில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சன்னல் திறந்திருக்கிறதா என்று தேடலாம். பறித்ததும் கையைக் கழுவிவிடவும்.